பன்றிக்கு எந்தத் தோட்டா?

கடையம், சிவசைலம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று மலையடிவாரத்தில் எந்த ஊரில் உழவர்கள் கூடினாலும், பாரம்பரிய நெல்லையும் மீன் அமிலத்தையும் பேசி முடிப்பதற்குள் பேச்சு காட்டுப்பன்றிக்கு வந்துவிடும். பன்றியிலிருந்து துப்பாக்கிக்குப் போக அஞ்சு நிமிஷம் போதும். "அண்ணாச்சி, நீங்க பேங்க்ல இருந்தவிய, சட்டதிட்டம் தெரியும்லா? ஒரு லைசென்ஸுக்கு வழி சொல்லுங்க. எந்தத் தோட்டாவப் போட்டா பன்னி ஒரே அடியில விழும்?" இதை என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது.

கேட்பதில் தப்பில்லை. நாலு மாசம் உழைத்த நிலக்கடலையை ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டின மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். அதனால் சுற்றி வளைக்காமல் தோட்டாவைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சில கேள்விகள் இருக்கின்றன. யார் சுடலாம்? பன்றியைத் தாண்டிப் போகிற குண்டு எங்கே போய் விழும்? சுட்டால் பன்றி குறையுமா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் தோட்டாவை மட்டும் தெரிந்து வைத்துப் பிரயோஜனம் இல்லை.

நம்ம நிலத்துக்கு ஏன் வருது?

பன்றி எல்லாவற்றையும் தின்னும். கிழங்கு, கடலை, சோளம், பால் பிடித்த நெல்கதிர், வாழைக் கிழங்கு எல்லாம் அதற்குத் தீனி. அதோடு மண்புழுவும் வண்டுப் புழுவும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். கண் பார்வை சுமார்தான், மூக்கு அபாரம். மண்ணுக்கு அடியில் இருப்பதை மோப்பத்திலேயே கண்டுபிடித்து மூக்கால் கிளறி எடுத்துவிடும்.

இங்கேதான் நமக்குக் கூடுதல் சிக்கல். மூடாக்குப் போட்டு, ஈரம் காத்து, மண்புழு பெருக வைத்த நிலம் பன்றிக்கு விருந்து வீடு மாதிரி. வாழைத் தோப்பில் மூடாக்கைப் புரட்டிப் போட்டிருப்பதைப் பார்த்தால், பல நேரம் வாழையைத் தேடி வந்திருக்காது, புழுவைத் தேடித்தான் வந்திருக்கும். வாழை சாய்வது கூடவே நடக்கிற நஷ்டம். இதற்காக மூடாக்கை விட்டுவிட முடியாது. ஆனால் இயற்கை உழவருக்குப் பன்றிக் காவல் அடுத்தவரை விட ஒரு படி கூடுதலாகத் தேவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்டுக்குள் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் பன்றியைப் பிடிக்கும். களக்காடு – முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகம் ஆனது. அந்த எல்லைக்குள் இரையும் வேட்டை மிருகமும் ஒன்றையொன்று கட்டுக்குள் வைத்திருக்கின்றன. வெளியே வந்த பன்றிக்கு அந்தப் பயம் கிடையாது. குளத்துக்குள்ளும் ஆற்றோரத்திலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் பகலில் படுக்க இடம் கொடுக்கிறது. ராத்திரி நம்ம வயல் சாப்பாடு போடுகிறது. சினைக்காலம் பழைய ஆட்கள் சொல்கிற மாதிரி மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். ஏறத்தாழ 115 நாள். ஒரு ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். தீனி நன்றாகக் கிடைத்தால் குட்டிகள் பிழைப்பதும் அதிகம். மலையைவிட்டு வெகு தூரத்தில், கரிசல் காட்டு மக்காச்சோளத்திலும் இன்று பன்றி இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

யார் சுடலாம்?

காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு. முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. மனித உயிருக்கோ, நிற்கிற பயிர் உட்பட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாட, தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம். 62-ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் 'தீங்குயிரி' என்று அறிவிக்கலாம். 2015 டிசம்பரில் பீகாருக்கும், 2016 பிப்ரவரியில் உத்தராகண்டுக்கும் அப்படி அறிவித்தார்கள். கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டும் மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கேரளம் 11-ஆம் பிரிவையே பிடித்துக்கொண்டு, 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. அங்கே லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உள்ளவர் வந்து சுடுவார். விஷம், வெடி, கரண்டு மூன்றும் கூடாது.

நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை ஒரு மண்டலம். அங்கே பன்றியைக் கொல்லக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அடுத்தது; அங்கே பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மூன்றாவது. அங்கே ஊர் அளவிலான குழு மூலம் புகார் போய், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். சுடுகிற ஆள் உழவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிவசைலம், களக்காடு மாதிரி காட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர்களின் வயல்களில் பெரும்பகுதி முதல் இரண்டு மண்டலங்களில்தான் வரும் என்பதையும் கவனியுங்கள். அங்கே துப்பாக்கிப் பேச்சுக்கே இடமில்லை. கீழே, குளத்துக் கருவேலத்தில் தங்கிவிட்ட பன்றிகளுக்குத்தான் இந்த ஏற்பாடு.

"ஆயுதச் சட்டத்துல பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் உண்டே?" என்று சிலர் கேட்பார்கள். உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைச் சொல்கிறது. அது போதாது என்று லைசென்ஸ் தருகிற அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், உள்ளே வரி வெட்டாத வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம். ரைஃபிளுக்குத் தனியாகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் வேறு, பன்றியைச் சுடும் அனுமதி வேறு. முதலாவது கையில் இருக்கிறது என்பதற்காக இரண்டாவது தானாக வந்துவிடாது. லாக்கர் சாவி ஒன்று வாடிக்கையாளரிடமும் ஒன்று வங்கியிடமும் இருக்கிற மாதிரிதான் இதுவும். ரெண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

தோட்டாவின் கணக்கு

இனித் தோட்டாவுக்கு வருவோம். முதலில் பன்றியின் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். அதன் தோளுக்கு மேல் தோலுக்கடியில் குருத்தெலும்பு மாதிரி கெட்டியான ஒரு கவசம் உண்டு; ஆண்கள் கொம்பால் குத்திச் சண்டை போடுவதால் வந்தது. இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதை விடக் கீழேயும் முன்னேயும், முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கின்றன. நடுவயிற்றில் அடித்தால் உடனே சாகாது. ஓடிப்போய்க் கருவேலத்துக்குள் படுத்து ரெண்டு நாள் கழித்துச் சாகும். அல்லது காலையில் புல் அறுக்கப் போகிற பெண்ணின் மேல் பாயும்.

ஆகவே தோட்டாவிடம் நாம் கேட்பது ரெண்டு. கவசத்தைத் துளைத்து உள்ளே போக வேண்டும். பன்றிக்குள்ளேயே தன் வேகத்தைச் செலவழித்து நிற்க வேண்டும்.

ஏர் கன்னும் .22 ரைஃபிளும் இதற்கு ஆகவே ஆகாது. .22 குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம், குழலைவிட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் 150 ஜூலை ஒட்டித்தான். பன்றியைக் காயப்படுத்தும், கொல்லாது.

மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு மாறும், குண்டும் மாறும், மழைக்காலத்தில் நமுத்துப் போகும். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். சத்தம் போட்டு விரட்ட அது நல்ல சாமான். சுத்தமாகக் கொல்ல நம்ப முடியாது.

நம் பக்கம் லைசென்ஸ்காரர்களிடம் அதிகம் இருப்பது 12 போர். அதற்கு எல்.ஜி. தோட்டாவும் எஸ்.ஜி. தோட்டாவும் கிடைக்கும். எல்.ஜி.யில் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள 6 ஈயக் குண்டுகள், எஸ்.ஜி.யில் அதைவிடச் சிறியதாக 9. எல்.ஜி. குண்டு ஒன்று சுமார் 4.5 கிராம். கிளம்பும்போது ஒவ்வொன்றுக்கும் 300 ஜூலை ஒட்டிய ஆற்றல். 40 மீட்டர் போவதற்குள் அது 200 பக்கம் இறங்கிவிடும். அதற்குள் ஆறும் ஆறு பக்கம் விரிந்துவிடும். ஒன்று தோளில், ஒன்று வயிற்றில், நாலு வயலில் என்று போனால் அதற்குப் பெயர் வேட்டை இல்லை. 20, 25 மீட்டருக்குள் என்றால் எல்.ஜி. வேலை செய்யும். அதே 12 போரில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டால், முழு எடையும் ஒரே இடத்தில் விழும். 50 மீட்டர் வரைக்கும் பயிற்சி உள்ளவர் கையில் நம்பலாம்.

அடுத்து .315 ரைஃபிள். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடை வந்தபோது, அதற்கு மாற்றாகப் பரவிய அளவு இது. நம் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் இன்றும் செய்கின்றன. குண்டு ஏறத்தாழ 16 கிராம். வினாடிக்கு 600 மீட்டருக்கு மேல் வேகம். ஆற்றல் சுமார் 3,000 ஜூல். மூக்கு மென்மையான ஈயமாக விட்ட குண்டு பன்றிக்குள் போனதும் காளான் மாதிரி விரிந்து நிற்கப் பார்க்கும். முழுக்க உலோக உறை போட்ட குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஆகவே பன்றிக்கு மென்மூக்குக் குண்டு என்பதில் சந்தேகம் வேண்டாம். .30-06 இன்னும் வேகமானது. பன்றிக்குத் தாராளம், ஆனால் நம் வயல்வெளிக்கு அவ்வளவு தேவையில்லை.

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டை பெரிய அளவில் நடக்கிறது. அந்த நாட்டு வேட்டைச் சட்டம் பன்றிக்குக் குறைந்தபட்சம் 6.5 மில்லிமீட்டர் குண்டு, 100 மீட்டர் தூரத்தில் 2,000 ஜூல் ஆற்றல் என்று வரையறுத்திருக்கிறது. சிதறு குண்டுகளால் பன்றியைச் சுடவே கூடாது என்கிறது. நம்மூர்க் கணக்கில் பார்த்தால் .315 அந்த அளவுகோலைத் தாண்டும், எல்.ஜி. தாண்டாது. தோட்டாவைப் பொறுத்தவரை என் பதில் இதுதான்: .315 மென்மூக்கு, அது இல்லாவிட்டால், கிட்டத்தில் இருந்து 12 போர் ஒற்றைக் குண்டு.

குண்டு எங்கே போய் நிற்கும்?

பதில் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். .315 குண்டு எதிலும் படாமல் போனால் 2 கிலோமீட்டரையும் தாண்டும். எல்.ஜி. குண்டே அரை கிலோமீட்டர் போகக்கூடியது. நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் 2 கிலோமீட்டருக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். ஒரு ஊரோ, ஒரு ரோடோ, ராத்திரி முறைத்தண்ணி பாய்ச்சப் போன ஒரு ஆளோ குறுக்கே வராமல் இருக்கவே இருக்காது. இது ஆளில்லாப் புல்வெளி இல்லை. கால்வாய்க்குக் கால்வாய் ஊர் இருக்கிற பூமி.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் வரப்பில் நின்று சுடுகிறார். துப்பாக்கி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில். பன்றியின் நெஞ்சு 0.4 மீட்டர் உயரத்தில். தூரம் 40 மீட்டர். குறி தப்பினால் குண்டு பன்றிக்குப் பின்னால் இன்னும் 16 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். தொடும் கோணம் ஒன்றரை டிகிரி கூட இல்லை. தண்ணீர் நிற்கிற நெல்வயலிலோ, அடிவாரத்துக் கல் தரையிலோ அந்தக் கோணத்தில் பட்டால் குளத்தில் சில்லு எறிந்த மாதிரி தெறித்து மேலே எழும்பும். பிறகு அது போகிற திசை யாருக்கும் தெரியாது.

அதே ஆள் 4 மீட்டர் உயரப் பரணில் உட்கார்ந்து, 20 மீட்டருக்குள் பன்றி வரும்வரை காத்திருந்தால் என்ன ஆகும்? துப்பாக்கி 5 மீட்டர் உயரத்தில் இருக்கும். குண்டு 13 டிகிரி சரிவில் இறங்கும். தப்பினாலும் பன்றிக்குப் பின்னால் 2 மீட்டருக்குள் மண்ணில் புதையப் பார்க்கும். தோட்டா அதேதான்; உட்கார்ந்த இடம் மாறியதால் ஊர் தப்புகிறது. சங்க காலத்துத் தினைப்புனத்திலேயே பரண் இருந்தது. நம் முன்னோர்கள் கவணோடு ஏறின பரணுக்கு ரைஃபிள் காலத்தில்தான் கூடுதல் மதிப்பு.

ஆகவே பரணும், பின்னால் மண் கரையும், பிரகாசமான விளக்கும், பன்றிதான் என்று கண்ணால் உறுதி செய்கிற பொறுமையும் இல்லாத இடத்தில் எந்தத் தோட்டாவும் சரியான தோட்டா இல்லை. ஆரியங்காவு தாண்டி நிலம் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் சொன்னார்: அவர் ஊருக்குச் சுடுபவர் வந்து ஆறு ராத்திரி காத்திருந்து சுட்டது ரெண்டே ரெண்டு. மற்ற நேரமெல்லாம் காற்றுத் திசை சரியில்லை, பின்னால் வீடு, அல்லது பன்றி வரவேயில்லை. "அவன் சுடாம இறங்கி வந்த நாளிலதான் அவன் கெட்டிக்காரன்னு தெரிஞ்சுது" என்றார்.

ஈயமும் இறைச்சியும்

நஞ்சில்லா நிலம் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இன்னொரு கேள்வி உண்டு. தோட்டாவில் இருப்பது ஈயம். வயலிலும் குளத்திலும் சிதறின ஈயக் குண்டைக் கூழாங்கல் என்று நினைத்து வாத்துகளும் நீர்ப்பறவைகளும் விழுங்கி நஞ்சேறிச் சாவது உலகம் முழுக்க அறிந்த விஷயம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் நீர்நிலைகளில் ஈய ரவைகளுக்குத் தடை போட்டது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. கூந்தன்குளமும் திருப்புடைமருதூரும் இருக்கிற மாவட்டம் நம்முடையது. குளத்துக்குள் சிதறு குண்டு வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சுடப்பட்ட பன்றி அரசுச் சொத்து. பங்கு போடக் கூடாது. சட்டம் ஒருபக்கம் இருக்க, 2023 ஜனவரியில் முதுமலைப் பகுதியில் செத்த காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அது மனிதருக்குத் தொற்றாது; ஆனால் வளர்ப்புப் பன்றிகளைக் கூட்டத்தோடு அழித்துவிடும். உடலை ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதும், செத்துக் கிடக்கிற பன்றியைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்வதும் பன்றி வளர்க்கிற ஏழைக் குடும்பங்களுக்கு நாம் செய்கிற உதவி.

சுட்டால் குறையுமா?

கொம்புள்ள ஒற்றை ஆணைச் சுட்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். பெருக்கம் குறையாது, இன்னொரு ஆண் வந்துவிடும். ஐரோப்பிய அனுபவம் என்னவென்றால், நல்ல தீனி உள்ள வருஷத்தில் பன்றிக் கூட்டம் ஒரே ஆண்டில் இரட்டிப்பாகக்கூட முடியும். எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தவே ஆண்டுக்குப் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். அவ்வளவு துப்பாக்கியும் ஆளும் எங்கேயும் இல்லை. ஒரு குறிப்பிட்ட குளத்தில் தங்கி, குறிப்பிட்ட வயல்களுக்குப் பழகிவிட்ட கூட்டத்தைக் குறைக்கத் துப்பாக்கி உதவும். பள்ளத்தாக்கு முழுவதற்கும் அது மருந்தாகாது.

பொறுமை இழந்தவர்கள் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். வேலிக் கம்பியில் நேரடியாகக் கரண்டு கொடுப்பது, பழத்துக்குள் வெடி வைப்பது. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த தீனியைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்தது. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்குப் போட்ட மின்வேலியில் 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் அநாதையாக நின்றன. இந்தக் கம்பியில் மாட்டிச் செத்த உழவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எத்தனையோ பேர். இயற்கை வேளாண்மை என்ற பெயரைச் சொல்கிற ஒருவர் நிலத்திலும் இந்தக் கம்பி இருக்கக் கூடாது.

சேர்ந்து போடுகிற வேலி

சேலை கட்டுவது, முடி தூவுவது, அழுகின முட்டைக் கரைசல், கந்தகம் தோய்த்த கயிறு எல்லாம் சில நாள் வேலை செய்யும். பிறகு பன்றி பழகிக்கொள்ளும். அதனால் கதிர் பால் பிடிக்கிற, கடலை முற்றுகிற கடைசி இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள்.

நிலையானது சூரிய மின்வேலிதான். அது விட்டு விட்டுக் கொடுக்கிற மின்துடிப்பு உதறிப் போடும், கொல்லாது. பன்றிக்குக் கீழ்க் கம்பி முக்கியம். தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒன்று, 45-இல் ஒன்று. அதன் மூக்குக்கு நேரே இருக்க வேண்டும். கம்பியில் புல் உரசினால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும்; பத்து நாளுக்கு ஒரு தடவை புல் வெட்டியே ஆக வேண்டும். 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி காட்டை ஒட்டிய இடங்களில் வனத்துறை அனுமதியும் பதிவும் தேவை. மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு 254 மீட்டர். 25 ஏக்கர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வேலி போட்டால் சுற்றளவு 1,272 மீட்டர். ஏக்கருக்கு 51 மீட்டர்தான். செலவு ஐந்தில் ஒரு பங்காகிறது. வங்கியில் இருந்தபோது எத்தனையோ கடன் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வயல்காரரோடு சேருவதைப் போலச் செலவைக் குறைக்கிற திட்டம் ஒன்றையும் பார்த்ததில்லை.

இன்னொரு செய்தி. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தை 2026 காரிஃப் பருவம் முதல் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். ஆகவே முதலில் படம் எடுங்கள், பிறகு வயலைச் சரி செய்யுங்கள்.

கிராம சபையில் கேட்க வேண்டியது

"துப்பாக்கி குடு" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. இப்படிக் கேளுங்கள்:

ஒன்று, எங்கள் ஊர் வயல்கள் எந்த மண்டலத்தில் வருகின்றன என்று சர்வே எண் வாரியாக வரைபடம் கொடுங்கள்.

இரண்டு, ஊர்க்குழுவில் யார் யார், புகார் கொடுத்தால் எத்தனை நாளில் ஆள் வரும் என்று எழுதி ஒட்டுங்கள்.

மூன்று, 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதென்றால் பரணில் இருந்து, சரியான ரைஃபிளோடு, பயிற்சி பெற்றவர் சுடட்டும். அன்று ராத்திரி யாரும் வயலுக்குப் போகாதபடி முன்கூட்டியே தண்டோரா போடுங்கள். காயம்பட்ட பன்றியைத் தேடி முடிக்காமல் திரும்பாதீர்கள்.

நான்கு, 3 கிலோமீட்டருக்குள் இருக்கிற எங்களுக்குப் பிடிக்கிற கூண்டும் பொது வேலியும் வேண்டும். கொல்லக் கூடாது என்று சொல்கிற அரசுதான் அங்கே வேலிக்கும் பொறுப்பு.

ஐந்து, குளத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள். பன்றிக்குப் படுக்கை போனால் பாதித் தொல்லை போகும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிசான நடவுக்கு முன்னால் அக்டோபர் 2 வருகிறது. அதற்குள் உங்கள் ஊரில் பன்றி இறங்கின தேதி, சர்வே எண், பயிர், சேதத்தின் அளவு நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகாரை மறந்துவிடுவார்கள். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, தீர்மானத்தில் ஏற்றின புகாருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.